குட்டி சிக்லிட் நிறம் மாறினால்: மருந்துக்கு முன் பார்க்க வேண்டியவை

ராத்திரி ஒன்பதரை மணிக்குப் பேட்டையிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான்.

"அண்ணாச்சி, ஆணு கரிக்கட்ட மாதிரி கறுத்துட்டு. மெத்திலின் புளூ இருக்கு, ஊத்தவா?"

"ஒண்ணும் ஊத்தாத. எப்பம் இருந்து இப்படிக் கெடக்கு?"

"மத்தியானம் நல்லாத்தான் இருந்துச்சு."

"பொட்ட எங்க?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. குனிந்து தேடுகிறான் போல. "சிரட்டைக்குள்ள இருக்கு அண்ணாச்சி. நல்ல மஞ்சளா இருக்கு. வெளிய வர மாட்டேங்கு."

அவ்வளவுதான் விஷயம். பெண் மீன் முட்டை இட்டிருக்கிறது, ஆணை விரட்டிவிட்டது, ஆண் மூலையில் ஒடுங்கிக் கறுத்து நிற்கிறது. அந்த நேரத்தில் மருந்து ஊற்றியிருந்தால் ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியா அடிபட்டு, நான்கு நாளில் தண்ணீர் கெட்டு, இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்து உண்மையான நோயை வாங்கியிருப்பான்.

ராம், காக்கட்டூ அபிஸ்டோ, இன்னொரு அபிஸ்டோவான அகாசிசி, பொலிவியன் ராம், கிரிப் போன்ற குட்டி சிக்லிட் என்னும் சின்ன அலங்கார மீன்களைத் தொட்டியில் வளர்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த மீன்கள் நிறத்தால்தான் பேசுகின்றன. பயம், கோபம், தோல்வி, காதல், தாய்மை எல்லாம் தோலில் வந்து நிற்கும். நோயும் அதே தோலில்தான் வரும். பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் பாதி மீன்கள் மருந்தில்லாமலே பிழைத்துவிடும்.

எவ்வளவு நேரத்தில் மாறியது?

முதல் கேள்வி எப்போதும் இதுதான். காரணம் தோலுக்குள் இருக்கிறது.

மீன் தோலில் உள்ள கருமைச் செல் ஒவ்வொன்றும் நட்சத்திரம் போலக் கிளை விரித்திருக்கும். உள்ளே மெலனின் துகள்கள். அந்தத் துகள்கள் நடுவில் வந்து குவிந்தால் அந்த இடம் வெளிறித் தெரியும். கிளைகளின் நுனி வரை பரவினால் கறுத்துத் தெரியும். செல் இருந்த இடத்திலேயே இருக்கிறது, துகள் மட்டும்தான் போய்வருகிறது. நரம்பு நேரடியாக இந்தச் செல்களுக்கு வந்து சேர்வதால் சில நொடிகளில் பட்டை தோன்றும், மறையும். ஹார்மோன் வழியாக வரும் மாற்றத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். நிறச் செல்களின் எண்ணிக்கையே கூடுவதும் குறைவதும் நாள்கணக்கில், வாரக்கணக்கில் நடப்பது.

ஆகவே நொடியிலும் நிமிடத்திலும் மாறினால் மனநிலை. சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் மாறினால் பக்கத்து மீன் அல்லது தண்ணீர். வாரக்கணக்கில் மெல்ல மாறினால் தீனி, நோய், வயது. இது நூற்றுக்கு நூறு பொருந்தாது. ஆனால் எங்கே தேடத் தொடங்குவது என்று சொல்லிவிடும்.

இரண்டாவது கேள்வி: ஒரு மீனா, எல்லா மீனுமா? மூன்றாவது: தின்கிறதா, செவுள் எவ்வளவு வேகமாக அடிக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்கும்வரை மருந்து அலமாரியில் இருக்கட்டும்.

அறிகுறி: காலையில் விளக்கு போட்டதும் மீன் வெளிறி, திட்டுத்திட்டாக இருக்கிறது

ஒன்றும் செய்ய வேண்டாம். ராத்திரி நிறம் அப்படித்தான். அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள், பழைய நிறம் வந்திருக்கும். அறை விளக்கை முதலில் போட்டு, பத்து நிமிடம் கழித்துத் தொட்டி விளக்கைப் போட்டால் மீன் மிரளாது. மதியம் ஆகியும் ராத்திரி நிறம் போகவில்லை என்றால் மட்டும் கீழே படியுங்கள்.

அறிகுறி: கடையில் பளபளத்த மீன் வீட்டுக்கு வந்ததும் சாம்பல் நிறமாகிவிட்டது

பயம்தான். திடீர் பயத்தில் இந்த மீன்கள் பொதுவாக வெளிறும். கண்ணிலிருந்து வால் வரை ஓடும் பக்கக்கோடு மட்டும் கறுப்பாக எடுத்துத் தெரியும். பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, விளக்கை அணைத்து இறக்குங்கள். முதல் நாள் தீனி வேண்டாம். இரண்டு மூன்று நாளில் நிறம் வந்துவிடும்.

வரவில்லை என்றால் தரையைப் பாருங்கள். வெள்ளைக் கூழாங்கல், சுற்றிலும் வெறும் கண்ணாடி, மேலே பளீரென்ற எல்இடி என்று வைத்தால் மீன் வெளிறியேதான் கிடக்கும். மேலிருந்து வரும் வெளிச்சத்தையும் தரையிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சத்தையும் கண் ஒப்பிட்டுப் பார்த்து, உடம்பை அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறது. மீனைத் தின்ன வரும் பறவையின் கண்ணிலிருந்து தப்பிக்கும் வழி அது. தொட்டிக்குள் பறவை வராது என்பது மீனுக்குத் தெரியாது.

வீடு கட்டி மிஞ்சிய ஆற்று மணலை நன்றாக அலசிப் போட்டாலே போதும். அதோடு காய்ந்த வாதாம் இலை. நான் சொல்வது கடையில் வாங்கும் பாதாம் மரம் இல்லை, நம் பள்ளிக்கூட மைதானங்களில் நிழலுக்கு நிற்கிற வாதாங்கொட்டை மரம். தானாகப் பழுத்து விழுந்து காய்ந்த இலையைத் தூசி போகக் கழுவி, இரண்டு மூன்று போடுங்கள். தண்ணீர் ஒரு நாளில் இளந்தேநீர் நிறத்துக்கு வரும். பாளையங்கோட்டையில் என் வீட்டுத் தொட்டியில் வெள்ளைக் கல்லை எடுத்துவிட்டு மணலும் இலையும் போட்ட நான்காம் நாள், அதுவரை சோளக்குருணை மாதிரி இருந்த பொலிவியன் ராமின் துடுப்பு ஓரத்தில் சிவப்பு எழுந்தது. அன்று வேறு எதையும் நான் மாற்றவில்லை.

அறிகுறி: ஒரு மீன் மட்டும் கறுத்து மூலையில் நிற்கிறது

அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான்.

நம் குளங்களில் கிடைக்கும் சிலேபியை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் சிக்லிட் குடும்பம்தான். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மொசாம்பிக் திலாப்பியா. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கோடையில் குளம் வற்றிக் கரையோரம் தெளிந்திருக்கும்போது கவனியுங்கள். மண்ணில் தட்டுப் போலக் குழி பறித்து, அதன் நடுவில் ஒரு ஆண் நிற்கும். உடம்பு கன்னங்கரேல், தாடை மட்டும் வெள்ளை, துடுப்பு ஓரம் சிவப்பு. அந்தக் குழிக்கு அதுதான் ராஜா. அதன் நெருங்கிய சொந்தமான நைல் திலாப்பியாவில் தோற்று அடங்கிய மீனுக்கு உடம்பும் கண்ணும் கறுக்கும். ஒன்றில் கறுப்பு ஜெயித்தவனின் நிறம், மற்றதில் தோற்றவனின் நிறம்.

எனவே நிறத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. துடுப்பைப் பாருங்கள், நிற்கும் இடத்தைப் பாருங்கள். முதுகுத் துடுப்பை விரித்து, தொட்டியின் நடுவில், பக்கவாட்டைக் காட்டிக் கறுத்து நின்றால் அது வீம்பு. துடுப்பை ஒடுக்கி, மேல்மூலையிலோ ஃபில்டர் குழாய்க்குப் பின்னாலோ தலை சாய்த்துக் கறுத்து நின்றால் அடி வாங்கிய மீன். அங்கே உடனே வேலை இருக்கிறது.

ஐந்து நிமிடம் அசையாமல் தொட்டி முன் உட்காருங்கள். மீனுக்குத் தீனிக்காரர் வந்துவிட்டார் என்ற பரபரப்பு அடங்க அவ்வளவு நேரம் ஆகும். அப்புறம்தான் உண்மையான நடப்பு தெரியும். நான் ஒரு முறை இரண்டு ஆண் காக்கட்டூ அபிஸ்டோக்களை மூன்றடித் தொட்டியில் இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் பக்கத்தில் பக்கம் நின்று, செவுளை விரித்து, வாலால் தண்ணீரை ஒன்றின் மேல் ஒன்று தள்ளின. இரண்டின் உடம்பிலும் குறுக்குப் பட்டைகள். முதுகுத் துடுப்பின் முன் கதிர்கள் சேவல் கொண்டை போல நிமிர்ந்து நின்றன. திடீரென்று ஒன்று துடுப்பை மடக்கியது. மடக்கிய அந்தக் கணத்தில் பட்டைகள் கரைந்து, கண்ணிலிருந்து வாலுக்கு ஒரு ஒற்றைக் கோடு இழுத்தது போல வந்தது. குட்டியாக இருக்கும்போது எல்லா அபிஸ்டோவுக்கும் இருக்கும் கோடு அது. நான் சின்னவன், விட்டுவிடு என்று சொல்வது போல. ஜெயித்தவன் திரும்பிப் போய்விட்டது.

இயற்கையில் தோற்ற மீன் இலைகளுக்கு அடியில் நீந்திப் போய்விடும், ஐந்து நிமிடத்தில் நிறம் திரும்பிவிடும். தொட்டியில் போக வழியில்லை. அதனால் மணிக்கணக்கில், நாள்கணக்கில் அடக்கத்திலேயே கிடக்கிறது. அப்போதுதான் உடம்பு நிரந்தரமாகக் கறுத்து, தீனிக்கு வராமல், வயிறு ஒட்டத் தொடங்கும். நோய் வருவது அதற்குப் பின்னால்.

என்ன செய்யலாம்? பார்வையை மறையுங்கள். ஒன்றை ஒன்று பார்க்காத அளவுக்குக் கட்டை, செடி, கல் வையுங்கள். ஒவ்வொரு மீனுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பொந்து வேண்டும். விளிம்பில் ஓட்டை போட்ட சிரட்டை, பக்கவாட்டில் சாய்த்த சின்ன மண் சட்டி போதும். அடுத்து, இரண்டடித் தொட்டியில் ஒரு ஆணுக்கு மேல் வைக்காதீர்கள். மூன்றடியிலும் இரண்டு ஆண் என்பது எல்லைதான். அலங்காரத்தை மொத்தமாக இடம் மாற்றி வைத்தால் எல்லைகள் கலைந்து சண்டை ஓரிரு நாள் ஓயும், ஆனால் நிரந்தரமாக ஓயாது. அடிவாங்கிய மீனின் துடுப்பு கிழிந்திருந்தால் அன்றைக்கே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். தனியாக வந்த மீன் ஒரு மணி நேரத்தில் பழைய நிறத்துக்கு வந்தால் உங்கள் கணிப்பு சரி.

ஒரு எச்சரிக்கை. கோல்டு ராம், எலக்ட்ரிக் புளூ ராம் போன்ற வளர்ப்பு ரகங்களில் கருமை குறைவு. பட்டையும் புள்ளியும் சரியாகத் தெரியாது. அவற்றில் துடுப்பையும் மூச்சையும் தீனியையும் வைத்துத்தான் கணிக்க வேண்டும்.

அறிகுறி: சாம்பலாக இருந்த பெண் மீன் எலுமிச்சை மஞ்சளாகிவிட்டது

வாழ்த்துகள். சிரட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்க்காதீர்கள்.

அபிஸ்டோ பெண் முட்டையைக் காவல் காக்கும்போது உடுத்தும் சட்டை இது. உடம்பு முழுக்க மஞ்சள், கன்னத்தில் கண்ணிலிருந்து கீழே இறங்கும் கறுப்புக் கோடு, வயிற்றுத் துடுப்பின் முன் ஓரம் மை தீட்டியது போலக் கறுப்பு. பக்கக்கோடு சில இனங்களில் உடைந்து விலாவில் ஒரே ஒரு கரும்புள்ளியாக நிற்கும். முதல் முறை பார்க்கிறவர்கள் வேறு மீன் வந்துவிட்டதோ என்று நினைப்பார்கள். கிரிப் என்றால் அடையாளம் வேறு: முட்டையிடும் முன்பே பெண்ணின் வயிறு நாவல் பழச் சிவப்பாகி, ஆண் முன்னால் உடம்பை வளைத்து நடுங்கிக் காட்டும். ராம் பெண்ணுக்கு வயிற்றில் ரோஜா நிறம் கூடும். இரண்டும் சேர்ந்து தட்டைக் கல்லைச் சுத்தம் செய்யத் தொடங்கும்.

முட்டை இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். அப்புறம் இன்னும் நான்கைந்து நாள் கழித்துக் குஞ்சுகள் நீந்தும். அந்த ஒரு வாரமும் தாயின் நிறத்தைப் பார்த்தாலே உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். மஞ்சள் அப்படியே இருந்தால் முட்டையோ குஞ்சோ உயிரோடு இருக்கிறது. காலையில் எழுந்து பார்க்கும்போது மஞ்சள் வடிந்து பழைய சாம்பல் வந்து, சிரட்டையை விட்டு வெளியே திரிந்தால், முட்டை போய்விட்டது. பூஞ்சை பிடித்திருக்கும், அல்லது தாயே தின்றிருக்கும். முதல் இரண்டு மூன்று ஈடு இப்படிப் போவது சாதாரணம். முட்டை இல்லாமலே சில நாள் மஞ்சளாகித் திரிகிற பெண்ணும் உண்டு. அது தன் இடத்தைக் காட்டிக்கொள்கிறது.

ஆபத்து என்று ஏதாவது இருந்தால் அது ஆணுக்குத்தான். கைப்பிடி நீளம் கூட இல்லாத பெண், தன்னைவிடப் பெரிய ஆணைத் துரத்தித் துரத்தி அடிக்கும். சின்னத் தொட்டியில் கொன்றே விடும். ஆண் மேல்மூலையில் கறுத்து ஒடுங்கி நின்றால், ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் வலையை எடுங்கள். பேட்டைத் தம்பி அன்றைக்கு அதைத்தான் செய்தான். வாளியில் ஏர் ஸ்டோன் போட்டு ஆணை விட்டான்; காலையில் நிறம் வந்துவிட்டது என்று போட்டோ அனுப்பினான். எட்டாம் நாள் மஞ்சள் தாய்க்குப் பின்னால் தூசி மாதிரி குஞ்சுகள் நகர்ந்த வீடியோ வந்தது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது அலுப்பதில்லை. தாய் வயிற்றுத் துடுப்பைப் படபடவென்று அசைத்ததும் குஞ்சுகள் அத்தனையும் மணலில் படுத்துவிட்டன.

அறிகுறி: எல்லா மீனும் ஒரே நேரத்தில் நிறம் மாறிவிட்டன

இதற்கு மட்டும் ஓட வேண்டும். எல்லாமே மாறினால் காரணம் மனநிலையாக இருக்காது, தண்ணீர்தான்.

சித்திரை, வைகாசி என்றால் முதலில் தெர்மாமீட்டர். நம் ஊரில் வெயில் காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் தொட்டியே 32, 33 டிகிரியைத் தொடும். ராம் 27 முதல் 30 வரை சந்தோஷமாக இருக்கும். அது வெனிசுலா, கொலம்பியாவில் ஒரினோகோ ஆற்றுச் சமவெளியின் சூடான தண்ணீரிலிருந்து வந்த மீன். பெரும்பாலான அபிஸ்டோக்களுக்கு 24 முதல் 28தான் சுகம். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரையும், 32இல் 7.3தான். மீனுக்கோ சூட்டில் ஆக்சிஜன் கூடுதலாகத் தேவை. அதனால் நிறம் மங்கி, செவுள் வேகமாக அடித்து, மேலே வந்து நிற்கும்.

மூடியைத் திறந்து, தண்ணீர் மேல் படும்படி சின்ன மேசை விசிறி வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். விசிறியால் தண்ணீர் சீக்கிரம் வற்றும், ஆனால் உப்பு வற்றாது. வற்றிய அளவுக்குப் போர் தண்ணீரையே திரும்பத் திரும்ப ஊற்றினால் ஒரு மாதத்தில் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, ஏறிவிடும். ஈடுகட்ட ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள்.

கரண்ட் போனால் அடுத்த பிரச்சினை. ஃபில்டர் நின்று நான்கைந்து மணி நேரம் ஆனால் உள்ளே இருக்கும் பாக்டீரியா மூச்சில்லாமல் சாகத் தொடங்கும். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் என்றால், கரண்ட் வந்ததும் அந்தக் கெட்ட தண்ணீர் முழுவதும் தொட்டிக்குள் வந்து விழும். நீண்ட நேரம் நின்ற ஃபில்டரைப் போடும் முன் திறந்து, தொட்டித் தண்ணீரில் ஸ்பாஞ்சை அலசிவிடுங்கள். பேட்டரி ஏர் பம்பும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் இருக்கும் வீட்டில் இந்தக் கவலை இல்லை.

தண்ணீர் மாற்றிய ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் வெளிறி, அங்குமிங்கும் பாய்ந்தால் குளோரின். ஐப்பசி, கார்த்திகையில் தாமிரபரணி கலங்கி வரும் நாள்களில் குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை தூக்கலாக இருப்பதை நான் கவனித்திருக்கிறேன். உடனே ஆன்டி குளோரின் ஊற்றி, ஏர் பம்பைக் கூட்டி வையுங்கள். அடுத்த முறை தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்து ஊற்றுங்கள்.

புதுத் தொட்டி, நாள்கணக்கில் மெல்லக் கறுத்தல், செவுள் சிவந்திருத்தல் என்றால் அம்மோனியா. நம் போர் தண்ணீர் பெரும்பாலும் பிஹெச் 7.5க்கு மேல் இருக்கும். பிஹெச்சும் சூடும் கூடக்கூட அதே அளவு அம்மோனியா அதிக விஷம். டெஸ்ட் கிட்டில் பச்சை தெரிந்தால் அன்றைக்கே பாதித் தண்ணீர் மாற்றுங்கள், இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். அம்மோனியா இல்லை, செவுள் பழுப்பாக இருக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் நைட்ரைட். அதற்குத் தண்ணீர் மாற்றத்தோடு 50 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கல்லுப்பைக் கரைத்து ஊற்றுங்கள். உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதைத் தடுக்கும். பக்கத்துத் தூத்துக்குடி உப்பு இதற்குப் போதும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆற்றுத் தண்ணீர் வரும் குழாய்க்கும் என் வீட்டுப் போருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். போர் தண்ணீர் டிடிஎஸ் மீட்டரில் 900ஐத் தாண்டும். அகாசிசி அதில் உயிரோடு இருக்கும், நிறத்தோடு இருக்காது. காக்கட்டூவும் கிரிப்பும் பொறுத்துக்கொள்ளும். போர் தண்ணீர் மட்டும்தான் கிடைக்கும் என்றால் உங்கள் தண்ணீருக்கு மீனைத் தேர்ந்தெடுங்கள். அகாசிசிக்காகப் பாதி ஆர்ஓ, பாதி போர் என்று கலக்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் அதே கணக்கில் கலக்க வேண்டும். ஒரு வாரம் மறந்தாலும் நிறம் காட்டிக்கொடுக்கும்.

அறிகுறி: வாங்கும்போது இருந்த நிறம் ஒன்றிரண்டு மாதத்தில் வடிந்துவிட்டது

இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அந்த நிறமே உண்மையானது இல்லை. விற்பனைக்கு ஆண் நிறம் வேண்டும் என்பதற்காகப் பண்ணையிலேயே ஹார்மோன் கொடுக்கப்பட்ட ராம்கள் சந்தையில் வருகின்றன. தொட்டி முழுக்க எல்லாம் ஆண், எல்லாம் ஒரே அளவு, இரண்டரை சென்டிமீட்டர் குட்டிக்கே முழு நிறம் என்றால் சந்தேகப்படுங்கள். நான் ஒரு கடையில் அப்படி ஆறு வாங்கினேன். ஏழாவது வாரம் அதில் நான்கு பெண்ணாகத் தெரிந்தன. இரண்டு வயிறு வீங்கிச் செத்தன. மிச்சம் இருந்தவை ஒரு முட்டைகூட இடவில்லை. அதற்குப் பின் மங்கலாக, பயந்த நிறத்தில், வெவ்வேறு அளவில் இருக்கும் குட்டிகளைத்தான் வாங்குகிறேன். முடிந்தால் பக்கத்தில் வீட்டில் குஞ்சு பொரிக்க வைத்தவரிடமே வாங்குங்கள்.

இரண்டு, தீனி. சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் கரோட்டினாய்டு நிறமிகள். மீனால் அதைத் தானாக உண்டாக்க முடியாது, தின்றுதான் சேர்க்க வேண்டும். ஆர்ட்டீமியா, சைக்ளாப்ஸ் என்னும் இறால் சொந்தமான நுண்ணுயிர்கள், ஸ்பைருலினா என்னும் பாசி கலந்த தீனி கொடுத்தால் மூன்று நான்கு வாரத்தில் வித்தியாசம் தெரியும். நீலம் அப்படி இல்லை. அது செல்லுக்குள் இருக்கும் மெல்லிய குவானின் படிகங்கள் ஒளியைத் திருப்புவதால் தெரிவது. நிறம் ஏற்றும் தீனி என்று எழுதிய டப்பாவால் நீலத்தை ஏற்ற முடியாது. நீலம் மங்கினால் மீனின் மனநிலையையும் தண்ணீரையும் பாருங்கள். திறந்து ஆறு மாதம் ஆன டப்பாவைத் தூக்கிப் போடுங்கள், அதில் சத்து போயிருக்கும். கொசுப்புழு அருமையான தீனிதான், ஆனால் அதற்காக வீட்டில் திறந்த வாளி வைத்துத் தெருவுக்கே டெங்கு வர வைக்காதீர்கள்.

அறிகுறி: நிறத்தோடு வேறு ஏதோ சேர்ந்து வருகிறது

இங்கேதான் நோய். சுருக்கமாகச் சொல்கிறேன்.

கறுத்து, வயிறு ஒட்டி, வெள்ளை நூல் போல மலம் தொங்கினால் குடல் ஒட்டுண்ணி. மீனைத் தனியே பிரியுங்கள். மெட்ரோனிடசோல் தீனியில் கலந்து கொடுப்பார்கள், அளவை மீன் வைத்தியம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தீனி தின்னும்போதே தொடங்கினால்தான் பலன்.

இருட்டில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் தோலில் தங்கப்பொடி தூவியது போலத் தெரிவது வெல்வெட். ரவை போல வெள்ளைப் புள்ளி என்றால் வெள்ளைப்புள்ளி நோய். இரண்டுமே நிறம் மங்குவதற்கு முன்பே கல்லில் உடம்பைத் தேய்க்க வைக்கும்.

முதுகில் சேணம் வைத்தது போல வெளிறிய திட்டு பரவினால் காலம்னாரிஸ். சூடு கூடினால் அது வேகமாகப் பரவும். வெள்ளைப்புள்ளிக்குச் செய்வது போல ஹீட்டரைக் கூட்டிவிடாதீர்கள்.

உடம்பில் ஒரு பகுதி மட்டும், கோடு போட்டுப் பிரித்தது போலக் கறுத்து, நாள்கணக்கில் மாறாமல் இருந்தால் அந்தப் பகுதிக்குப் போகும் நரம்பு அடிபட்டிருக்கலாம். வலையிலோ கல்லிலோ மோதியிருக்கும். துகள்களைக் குவித்து வைப்பது நரம்பின் வேலை. நரம்பு போனால் துகள் பரவிவிடுகிறது. மருந்து கிடையாது. மீன் தின்றால், நீந்தினால் விட்டுவிடுங்கள்.

உடம்பு முழுக்கக் கறுத்து, தீனி பக்கத்தில் விழுந்தாலும் பார்க்காமல், மோப்பத்தில் தேடினால் கண்ணைப் பாருங்கள். பார்வை போன மீனுக்குத் தரை வெளுப்பா கறுப்பா என்று தெரியாது, அதனால் உடம்பு இருட்டுக்கே பொருந்தி நின்றுவிடும். என்னிடம் அப்படி ஒரு கிரிப் இருந்தது. தினமும் ஒரே மூலையில், கண்ணாடியை விரலால் இரண்டு முறை தட்டிவிட்டுத் தீனி போடுவேன். ஒரு வாரத்தில் தட்டியதும் வரப் பழகிவிட்டது. அதற்கு அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது.

அறிகுறி: எல்லாம் சரியாக இருந்தும் மெல்ல மங்குகிறது

எத்தனை நாளாக வளர்க்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ராமுக்கும் அபிஸ்டோவுக்கும் தொட்டியில் ஆயுள் இரண்டு, மூன்று வருஷம்தான். சூடான தண்ணீரில் இன்னும் சீக்கிரம். இரண்டு வருஷம் தாண்டிய ஆணுக்கு முதுகு சற்றே வளையும், கண்ணுக்குக் கீழே இருந்த நீலப் புள்ளிகள் ஒவ்வொன்றாகக் குறையும், இளைய ஆண் முன்னால் துடுப்பை விரிக்காது. கறுப்பும் இல்லை, வெளிறலும் இல்லை. மெல்லிய துணி போர்த்தியது போல ஒரு மங்கல்.

இளைய ஆணை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், கிழவனை மாற்றாதீர்கள். பழகிய பொந்து அதற்கு வேண்டும். தீனியைச் சின்னதாக நறுக்கி, அதன் முன்னால் விழும்படி போடுங்கள். தண்ணீரை வாரம் ஒருமுறை கொஞ்சமாக மாற்றுங்கள். சாயங்கால வெளிச்சம் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழும் நேரத்தில் பார்த்தால், விலாவில் அந்தப் பழைய நீலம் இன்னும் கொஞ்சம் இருக்கும்.